காலமும் கலமும்

முத்துக்குளித்துறைக் கடற்கரையில் பழங்காலந்தொட்டு ஒரு முறைமை இருந்தது. மன்னார் வளைகுடாவின் அடியில் சிப்பிகள் படிந்து வளரும் பாறைத் திட்டுகளைப் பார் என்று வழங்குவர். அப்பார்களில் விரும்பிய ஆண்டெல்லாம் மூழ்கி முத்தெடுத்துவிட இயலவில்லை. அலுவலர்கள் படகிற் சென்று, சில சிப்பிகளை மட்டும் எடுத்துவரச் செய்து, அவற்றின் முதிர்ச்சியைக் கணித்த பின்னரே சலாபம் அறிவிக்கப்பட்டது. முந்தி எடுத்தால் முத்து சிறுத்து நிற்கும்; பிந்தி எடுத்தால் சிப்பி மடிந்து முத்து மணலில் மறைந்துபோகும். ஆதலின் பல ஆண்டுகள் சலாபமே இன்றிக் கழிந்ததும் உண்டு. உயிர்க்கொலை கலந்த தொழிலாதலின் அருகன் நெறி நிற்போர் இதனைப் போற்றார். எனினும், தொடங்கத் தகாத காலத்தில் தொடங்காது காத்திருக்கும் பொறுமையை அக்கடற்கரை நன்கு கற்றிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை.

அந்தக் கடற்கரையிலேதான், வாணிகக் கணக்கு எதுவும் இசைந்து வராத ஒரு காலத்தில், ஒருவர் பெருந்தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவர் தொடங்கியது கப்பல் தொழில். அவர் பெயர் வ.உ. சிதம்பரம் பிள்ளை. நாடு அவரைக் கப்பலோட்டிய தமிழன் என்று கொண்டாடுகிறது. கொண்டாட்டத்தின் ஒலியில், அவர் தொழில் ஏன் ஐந்தாண்டுகளில் மறைந்தது என்ற வினா பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. வாணிகத்தையே குலத்தொழிலாகக் கொண்டோர் மிகுந்த சமூகத்துக்கு அவ்வினா புறக்கணிக்கத் தக்கதன்று.

பிறப்பும் பயிற்சியும்

சிதம்பரனார் 1872-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மாள். ஊரிலும் தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் பயின்ற அவர், திருச்சிராப்பள்ளியில் சட்டம் கற்றுத் தந்தையின் தொழிலையே மேற்கொண்டார். ஏழைகளுக்காக ஊதியம் கருதாது வாதாடுபவர் என்ற நற்பெயர் விரைவிலேயே அவருக்கு வாய்த்தது. 1900-ஆம் ஆண்டளவில் அவர் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

அக்காலத் தூத்துக்குடி சுறுசுறுப்பான துறைமுகம். 1876-இல் இருப்புப்பாதை அவ்வூரை எட்டியிருந்தது. சென்னையிலிருந்து இலங்கை செல்வோர் புகைவண்டியில் வந்திறங்கி, இங்கிருந்தே கொழும்புக்குக் கப்பலேறினர். மலைத்தோட்டங்களுக்குச் செல்லும் கூலிமக்களும், பஞ்சும் பருப்பும் விற்கும் வணிகரும் இவ்வழியையே நம்பியிருந்தனர். கரையோரக் கடல் ஆழம் குறைந்தது. ஆதலால் நீராவிக் கப்பல்கள் கரையை விட்டுப் பல கல் தொலைவில் நங்கூரமிட்டு நிற்கும். பயணிகளையும் சரக்கையும் தோணிகள் கொண்டுசென்று ஏற்றும். தோணி நம்மவருடையது, கப்பல் பிரிட்டிஷ் இந்தியக் கப்பல் கம்பெனியினுடையது. அக்கம்பெனிக்குத் தூத்துக்குடியில் முகவர்களாக இருந்தோர் ஹார்வி நிறுவனத்தார். கோரல் மில் என்னும் நூற்பாலையும் அவர்களுடையதே.

கம்பெனி தோன்றிய நாள்

1905 அக்டோபர் 16-ஆம் நாள் வங்காளம் இரண்டாகப் பிரிக்கப்பட்டது. நாடெங்கும் சுதேசி என்னும் சொல் தீப்போல் பரவிற்று. சரியாக ஓராண்டு கழித்து, 1906 அக்டோபர் 16-ஆம் நாள், தூத்துக்குடியில் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவு செய்யப்பெற்றது. அதன் முதல் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்றுக்கு ரூபாய் 25 வீதம் 40,000 பங்குகள் என வகுத்தனர். செல்வர் மட்டுமன்றிச் சிறு வருவாயுடையோரும் சேர வேண்டும் என்பதே பங்கின் விலை குறைந்திருந்தமைக்குக் காரணம். மதுரைத் தமிழ்ச் சங்கத்தைத் தோற்றுவித்த பாண்டித்துரைத் தேவர் தலைவராக அமர்ந்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் என்னும் வணிகர் 8,000 பங்குகளை இரண்டு லட்சம் ரூபாய்க்கு வாங்கினார். சிதம்பரனார் உதவிச் செயலாளர் என்ற பெயரில் முழுச் சுமையையும் தோளில் ஏற்றார்.

கப்பல் ஓட்டுவதோடு நில்லாமல், நம்மவர்க்கு மாலுமித் தொழில் பயிற்றுவதும் கப்பல் கட்டும் துறை அமைப்பதும் கம்பெனியின் நோக்கங்களாகக் குறிக்கப்பட்டன. நோக்கம் உயர்ந்தது என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஐயம் காலத்தைப் பற்றியது.

எச்சரிக்கைக்கு முன்மாதிரியும் இருந்தது. 1893-ஆம் ஆண்டளவில் ஜாம்ஷெட்ஜி டாட்டா, ஜப்பானியக் கம்பெனி ஒன்றோடு கூடி, பம்பாயிலிருந்து கீழை நாடுகளுக்குக் கப்பல் விட முயன்றார். எதிர்நின்ற ஆங்கிலக் கம்பெனி சரக்குக் கூலியை அடியோடு குறைத்தது. அவரினும் பொருள்வளம் மிக்க வணிகர் அக்காலத்து நம் நாட்டில் அரியர். அத்தகையவரே நட்டத்தோடு பின்வாங்க நேர்ந்தது. கடல் வாணிகத்தில் முதலில் நுழைபவன் கப்பலுக்கு மட்டும் பணம் வைத்திருந்தால் போதாது. எதிரி கூலியைக் குறைக்கும் காலமெல்லாம் நட்டத்தைத் தாங்கும் பணமும் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நிகழ்ச்சி புகட்டிய பாடம்.

கப்பலும் போட்டியும்

சுதேசிக் கம்பெனிக்குத் தொடக்கத்தில் சொந்தக் கப்பல் இல்லை. பம்பாயைச் சேர்ந்த ஷா லைன் கம்பெனியிடம் வாடகைக்குப் பெற்று ஓட்டினர். போட்டிக் கம்பெனியின் நெருக்கடியால் அந்த ஏற்பாடு முறிந்தது. உடனே கொழும்பிலிருந்து ஒரு கப்பலை வாடகைக்கு அமர்த்திப் போக்குவரத்து நின்றுவிடாமல் சிதம்பரனார் காத்தார். பிறர் கப்பலை நம்பித் தொழில் நடத்த இயலாது என்பது தெளிவாயிற்று. கப்பலோடு திரும்புவேன், இன்றேல் கடலில் வீழ்ந்து உயிர் விடுவேன் என்று சூளுரைத்து அவர் பம்பாய்க்குப் புறப்பட்டார். அப்போது வீட்டில் மனைவி கருவுற்றிருந்தார். மகன் நோயுற்றிருந்தான் என்று வரலாற்றாசிரியர் கூறுவர். 1907 மே மாதம் காலியா என்னும் கப்பல் தூத்துக்குடிக் கடலில் வந்து நின்றது. லாவோ என்னும் மற்றொரு கப்பலும் கம்பெனிக்கு உரியதாயிற்று. கரையில் திரண்ட மக்கள் அடைந்த மகிழ்ச்சிக்கு அளவில்லை.

பின்னர்க் கட்டணப் போர் மூண்டது. ஆங்கிலக் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தது. சுதேசிக் கம்பெனி எட்டணாவாக்கியது. மற்றவர் கட்டணமே வேண்டா என்றனர். குடையொன்றும் இலவசமாகத் தருவதாகக் கூறினர். ஆயினும் மக்கள் சுதேசிக் கப்பலையே நாடினர். சரக்கு அனுப்பிய வணிகரும் உடன் நின்றனர். அரசின் அலுவலர்களோ நடுநிலை பிறழ்ந்து, சுதேசிக் கப்பலுக்குப் பலவகையிலும் இடையூறு விளைத்தனர்.

மக்கள் அன்பு கப்பலை நிரப்பும். ஆனால் எட்டணாக் கட்டணம் கரிச்செலவை நிரப்பாது. இங்கே இரு கம்பெனிகளும் நட்டப்பட்டன. ஒன்றுக்கு அந்த நட்டம் பல கடல்வழிகளில் ஈட்டும் பெரும்பொருளில் ஒரு துளி. மற்றொன்றுக்கு அதுவே உயிர்க்குருதி. நூறு குடம் உடையவனும் ஒரு குடம் உடையவனும் நீரைக் கொட்டிப் போட்டியிட்டால் முடிவு என்னவாகும் என்று கணிக்க நூலறிவு வேண்டுவதில்லை.

ஒரு கலத்தில் இரு சுமை

வாணிகப் போர் இந்நிலையில் நிற்கையில், சிதம்பரனார் மற்றொரு போரையும் உடன் நடத்தினார். 1907 டிசம்பரில் சூரத்துக் காங்கிரசுக்குச் சென்று திலகரின் பக்கம் நின்றார். ஊர் திரும்பியபின் சுப்பிரமணிய சிவாவோடு சேர்ந்து நாள்தோறும் கூட்டங்களில் பேசினார். 1908 பிப்ரவரி 27-இல் கோரல் மில் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கிற்று. வாரத்தில் ஒருநாள் ஓய்வின்றி, குறைந்த கூலிக்கு உழைத்த ஏழைகளின் போராட்டம் அது. சிதம்பரனார் அவர்களுக்குத் துணைநின்றார். அவர்களுக்கு உணவு கிடைக்கவும் வழிசெய்தார். ஏறத்தாழ ஒன்பது நாட்களில் தொழிலாளர் வென்றனர். இந்நாட்டுத் தொழிலாளர் வரலாற்றில் அது பொன்னேடு.

ஆனால் கோரல் மில்லின் உரிமையாளரும் போட்டிக் கப்பலின் முகவரும் ஒருவரே என்பதை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். கப்பலில் போட்டியிட்டவனே ஆலையிலும் எதிர்நிற்கிறான் என்று அவர்கள் கருதினர். ஆட்சியாளரும் அவ்வாறே கருதினர். அந்த நாளிலிருந்து கம்பெனியின் நல்வாழ்வு கட்டணத்தையோ சரக்கையோ சார்ந்ததாக இல்லை. சிதம்பரனார் என்னும் ஒருவர் சிறைக்கு வெளியே இருப்பதைச் சார்ந்ததாயிற்று.

விபின் சந்திர பாலரின் விடுதலையைக் கொண்டாடியதை அடுத்து, 1908 மார்ச் 12-இல் சிதம்பரனாரும் சிவாவும் கைது செய்யப்பட்டனர். மறுநாள் திருநெல்வேலி கொதித்தெழுந்தது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். ஜூலை 7-இல் பின்ஹே என்னும் நீதிபதி இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையில் மாடு இழுக்கும் செக்கைச் சிதம்பரனார் இழுத்தார். பின்னர்க் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார்.

தலைமகன் இல்லாத கம்பெனி தளர்ந்தது. பங்குதாரர் சோர்ந்தனர். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. கப்பல், எந்தக் கம்பெனியை எதிர்த்து வாங்கப்பட்டதோ அந்தக் கம்பெனியிடமே விற்கப்பட்டது என்ற செய்தி, செக்கினும் கொடிதாக அவரை வருத்தியது என்பர். இருபத்தைந்து ரூபாய் கொடுத்துப் பங்கு வாங்கிய எளிய குடும்பங்களின் சேமிப்பும் அத்தோடு கடலில் கரைந்தது. தியாகிகளின் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. ஆயினும் அவர்கள் இழந்ததும் இழப்பே.

கடையும் கடனும்

1912 டிசம்பரில் சிதம்பரனார் விடுதலையானார். வரவேற்க வந்தோர் மிகச் சிலர். வழக்கறிஞர் உரிமம் பறிபோயிருந்தது. சென்னையில் தங்கி, அரிசி, நெய், மண்ணெண்ணெய் முதலியன விற்கும் சிறுவணிகம் செய்து பார்த்தார். அதுவும் காலமல்லாக் காலத்தில் தொடங்கிய வணிகமே. கையில் முதல் இல்லை. வீட்டில் பசி இருந்தது. கேட்டவர்க்கு மறுக்கும் இயல்பும் அவரிடம் இல்லை. அக்கடை நிலைக்கவில்லை. பின்னர் வாலஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் நல்லெண்ணத்தால் வழக்கறிஞர் உரிமம் மீண்டது. நன்றி மறவாத சிதம்பரனார் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார்.

இத்துன்பங்களுக்கு இடையிலும் அவர் தமிழை விடவில்லை. சிறையிலிருந்தபோதே ஜேம்ஸ் ஆலனின் நூல்களை மொழிபெயர்க்கத் தொடங்கினார். மெய்யறம், மெய்யறிவு ஆகிய நூல்களை இயற்றினார். 1917-இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் உரையைப் பதிப்பித்தார். மணக்குடவரைச் சமணர் எனக் கருதும் அறிஞர் உண்டு. அவ்வகையில் அருகன் நெறியினரும் அவர்க்குக் கடப்பாடுடையர். கோவில்பட்டியில் வழக்கறிஞராக அவர் வாழ்ந்த ஆண்டுகளில், தீர்த்தங்கரர் திருவுருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பெற்ற கழுகுமலை அண்மையிலேயே இருந்தது. அம்மலையில் வெட்டுவான் கோயில் என்னும் ஒற்றைக்கல் தளி முற்றுப்பெறாமலே நிற்கிறது. முற்றுப்பெறாத பணியையும் உலகம் வியந்து காண்பதுண்டு என்பதற்கு அது சான்று.

வாழ்வின் இறுதியாண்டுகளில் அவர் தூத்துக்குடிக்கே மீண்டார். 1936 நவம்பர் 18-ஆம் நாள் அவ்வூர்க் காங்கிரசு அலுவலகத்தில் உயிர் நீத்தார். இறப்பதற்கு முன் எழுதிய உயிலில், கடைகளுக்குத் தாம் கொடுக்க வேண்டிய சிறு கடன்களையும் குறித்துவைத்தார். பத்து லட்சம் முதலில் கம்பெனி கண்டவர், பிறர் பொருள் ஒரு காசும் தம்மிடம் தங்கிவிடலாகாது என்று கவலையுற்றார். கள்ளாமை என்னும் அணுவிரதத்துக்கு இதனினும் தெளிந்த விளக்கம் கிடைப்பது அரிது.

நால்வகை நோக்கு

சிதம்பரனார் தொழில் தொடங்கிய காலம் தவறானதா? அநேகாந்தம் கற்றவர் இதற்கு ஒரே சொல்லில் விடை கூறார். எப்பொருளையும் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கு நிலையிலும் வைத்து ஆராய்க என்பது ஜின நெறி. வலியும் காலமும் இடமும் அறிந்து வினை செய்க என்று திருக்குறள் அடுத்தடுத்து மூன்று அதிகாரம் வகுத்ததும் இதனோடு ஒப்பு நோக்கத் தக்கது.

திரவியத்தால் நோக்கினால், கப்பல் வாங்கப் பணம் இருந்தது. நட்டத்தைத் தாங்கப் பணம் இல்லை. க்ஷேத்திரத்தால் நோக்கினால், கம்பெனி ஒரே கடல்வழியை நம்பி நின்றது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டு, தனுஷ்கோடி வழியாக இலங்கைப் பயணம் தொடங்கியபோது, தூத்துக்குடியின் பயணிகள் பெரும்பாலும் அவ்வழிக்கு மாறினர். கம்பெனி உயிரோடிருந்திருந்தாலும் அந்த அடியைத் தாங்கியிருக்க வேண்டும். காலத்தால் நோக்கினால், ஆட்சியும் போட்டியாளரும் ஒரே கையாய் நின்ற நேரம் அது. இம்மூன்றாலும் வணிகனுக்கு அது தொடங்கும் காலம் அன்று.

பாவம் என்னும் உள்ளக்கருத்தால் நோக்கினால் விடை மாறுகிறது. ஈட்டுவதற்கன்று, எழுப்புவதற்கே அவர் தொடங்கினார். அடிமைப்பட்ட மக்களுக்கு நம்மாலும் இயலும் என்ற எண்ணம் தோன்றுவதற்கு அதனினும் ஏற்ற காலம் வேறில்லை. ஆகவே ஒரு வகையால் அது தவறான காலம்; மற்றொரு வகையால் அதுவே தக்க காலம்.

குறை எங்கே எனில், எழுப்புதலையும் ஈட்டுதலையும் ஒரே கலத்தில் ஏற்றியதில் இருக்கிறது. அறப்போருக்கு இழப்பு அணி. பங்குக் கம்பெனிக்கு இழப்பு அழிவு. தம் உயிரையும் உடைமையையும் இழக்கத் துணிந்தவர்க்கு அதற்கு முழு உரிமை உண்டு. பிறர் சேமிப்பைத் தொழிலில் இடும்போது, இழப்பு நேரலாம் என்பது கொடுப்பவர் ஒவ்வொருவர்க்கும் தெரிந்திருக்க வேண்டும். சிதம்பரனார் தம் இழப்பை எவர்மீதும் சுமத்தாமல் இறுதிவரை தாமே சுமந்தார். அதனாலேயே அவரைக் குறைகூறும் தகுதி எவர்க்கும் இல்லை. அவரிடம் பாடம் கற்கும் கடமையோ யாவர்க்கும் உண்டு.

விதையும் விளைவும்

சிதம்பரனாரின் கம்பெனி கலைக்கப்பட்டு எட்டாண்டுகள் கழிந்தன. உலகப்போர் முடிந்த காலம். கப்பல்கள் அரிதாகிச் சரக்குக் கூலி உயர்ந்திருந்தது. சோலாப்பூர் ஜைனக் குடும்பத்தில் தோன்றிய வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி முதலியோரோடு கூடிச் சிந்தியா கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். 1919 ஏப்ரல் 5-ஆம் நாள் அவர்களின் லாயல்டி என்னும் கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்டது. அந்நாளையே இன்று தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடுகிறோம். அக்கம்பெனியையும் ஆங்கிலக் கம்பெனிகள் கட்டணக் குறைப்பால் தாக்கின. ஆனால் அதன் முதல் கோடிக்கணக்கில் இருந்தது. 1923-இல் அது போட்டியாளரோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது. கடற்கரை வாணிகத்தோடு நிற்பதென்ற கட்டுப்பாட்டை ஏற்று, பின்வாங்க வேண்டிய இடத்தில் பின்வாங்கி, உயிர் காத்துக்கொண்டது. பின்னர் வளர்ந்து நாட்டின் பெருங்கப்பல் நிறுவனமாயிற்று.

சோலாப்பூர்ச் செல்வர் காலம் அறிந்து தொடங்கினார். ஒட்டப்பிடாரத்து வழக்கறிஞர் காலத்தை உண்டாக்கத் தொடங்கினார். முன்னவர் கையாண்டது வணிகனின் அறிவு. பின்னவர் கையாண்டது தவசியின் துணிவு. இரண்டும் நாட்டுக்கு வேண்டும். எது தம் கையில் உள்ளது என்று தெளியாமல் தொடங்குவதே கேடு.

தொழில் தொடங்க எண்ணும் இளைஞர் திரவியம், க்ஷேத்திரம், காலம், பாவம் என்னும் நான்கையும் தமக்குத் தாமே வினவிக்கொள்ளட்டும். நான்கும் இசையாதபோது காத்திருப்பது கோழைமை அன்று. பார் முதிரும்வரை தோணியைக் கரையில் நிறுத்திய கடற்கரையின் அறிவு அது. நான்கும் இசையாத காலத்திலும் தொடங்கியே தீர வேண்டும் என்று உள்ளம் உந்துமாயின், அதனை வாணிகம் என்று எண்ணாமல் தவம் என்று எண்ணுக. அத்தவத்தின் சுமையைப் பிறர் தலையில் ஏற்றாது, சிதம்பரனார் போலத் தாமே சுமக்க. இன்று தூத்துக்குடித் துறைமுகம் வ.உ. சிதம்பரனார் பெயரைத் தாங்கி நிற்கிறது. அத்துறையில் வந்து நிற்கும் ஒவ்வொரு கலமும் இவ்விரு பாடங்களையும் நினைவூட்டிக்கொண்டே இருக்கிறது.